ஒத்தைக் குழாய், ரெட்டைக் குழாய்

பழைய கார் வச்சிருக்கிறவனுக்கு ரெண்டு வியாதி உண்டு. ஒண்ணு, சும்மா இருக்கும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்து எட்டிப் பார்ப்பது. ரெண்டு, பார்த்ததை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராதது. இந்தப் பதிவு ரெண்டாவது வியாதியின் விளைவு. பொறுத்தருள்க :-)

எங்கிட்ட இருப்பது 1989-ஆம் வருஷத்து செவர்லே கேப்ரீஸ் ஸ்டேஷன் வேகன். 1992-இல் நம்ம ஊரில் டாடா எஸ்டேட்னு ஒரு வண்டி வந்ததே, ஞாபகம் இருக்கா? அந்த வகைதான், ஆனா ரொம்பப் பெரிய அண்ணன். 5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின். இவ்வளவு பெரிய எஞ்சினுக்குக் குதிரைத்திறன் வெறும் 140தான். கடைசியில் மூணாவது வரிசை சீட் ஒண்ணு இருக்கு. அதில் உட்கார்ந்தால் பின்பக்கம் பார்த்துக்கொண்டு போகலாம். என் பொண்ணுக்கு அதுதான் சிம்மாசனம். பின்னால் வருகிற காருக்கெல்லாம் டாட்டா காட்டிக்கிட்டே வருவா. தங்கமணிக்கு மட்டும் இது கார் இல்லை. "ஏங்க, இந்த லாரியை எப்பங்க விக்கப் போறீங்க?"

போன வருஷம் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாத்தணும், மாத்துறதுதான் மாத்துறோம், ரெட்டைப் புகைக்குழாயாகப் போட்டுவிடலாம்னு ஒரு ஆசை. இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. வி8 எஞ்சினில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு சிலிண்டர். பக்கத்துக்கு ஒரு குழாய் தனியாகக் கடைசிவரை போனால் அதுதான் அசல் ரெட்டைக் குழாய். ஒவ்வொரு பக்கத்து சிலிண்டர்களும் சீரான இடைவெளியில் வெடிக்காது. அதனால்தான் அந்த 'குடகுட' சத்தம். 1955 செவர்லேயில் 'பவர் பேக்'னு ஒரு சமாச்சாரம் விற்றார்கள். பெரிய கார்புரேட்டரும் ரெட்டைக் குழாயும் சேர்த்துப் போட்டால் 162 குதிரைத்திறன் 180 ஆகும். அன்றிலிருந்து காரின் பின்னால் ரெண்டு குழாய் தெரிந்தால் 'இவன் வேகக்காரன்' என்று அர்த்தம்.

நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் பக்கம். பக்கத்தில் குழாய் வளைக்கிற பட்டறை ஒன்று இருக்கு. பெரியவர் ஒருத்தர் நடத்துகிறார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சினின் ரெண்டு பக்கத்திலிருந்தும் வருகிற குழாய்கள் முன்னாடியே ஒன்றாகச் சேர்ந்து, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்கிற ஒரு தகரப் பெட்டிக்குள் போய், அப்புறம் ஒத்தைக் குழாயாகக் கடைசிவரை ஓடுகிறது.

"இந்தப் பெட்டியை வெட்டி எறிஞ்சுட்டா உனக்கு அசல் ரெட்டைக் குழாய் கிடைக்கும். ஆனா நான் வெட்ட மாட்டேன், சட்ட விரோதம். நீயே வீட்டில் வெட்டிக்கிட்டு வந்தா, இங்கே சோதிக்க யாரும் இல்லை" என்றார். உண்மைதான். எங்கள் பக்கம் புகைச் சோதனை கிடையாது. வீட்டில் ரம்பம் இருக்கு. ஒரு மணி நேர வேலை.

வெட்டுவதற்கு முன்னாடி, அந்தப் பெட்டி ஏன் அங்கே வந்தது என்று படித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். படித்தால், கதை என் வீட்டுப் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது!

1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் கொஞ்சம் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் 'டக் டக்'கென்று தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடம் இருந்தது இதே டேட்டனில். 1923 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் இதே ஊரில்தான். ஈயம் விஷம் என்பது அப்போதே தெரியும். மிட்ஜ்லியே ஈய விஷத்தால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்கப் போனவர். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இந்தச் சேர்மம் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளிகள் செத்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார், ஒண்ணும் ஆகாது என்று. 1925-இல் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். 1926-இல் ஒரு கமிட்டி தடை தேவையில்லை என்றது. அப்புறம் உலகம் பூராவும் காரின் பின்னாலிருந்து ஈயம்தான்.

1965-இல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி (பூமியின் வயசைக் கணக்குப் போட்டுச் சொன்ன அதே ஆள்) நம் உடம்பிலும் காற்றிலும் இருக்கிற ஈயம் இயற்கையானது இல்லை, நாமே கொட்டியது என்று எழுதினார். ஆனால் கார்க் கம்பெனிகளை அசைத்தது ஈயம் இல்லை, புகைமூட்டம். 1970 டிசம்பரில் அமெரிக்காவில் சுத்தமான காற்றுக்கான சட்டம் கையெழுத்தானது. 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் 90 சதவீதம் குறைக்கணும் என்றார்கள். அதற்கு வந்ததுதான் இந்தப் பெட்டி. உள்ளே பிளாட்டினம், பலேடியம் பூசிய பொருள். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால் புகையிலுள்ள விஷத்தை உள்ளேயே எரித்துவிடும்.

இந்தப் பெட்டிக்குப் பெரிய எதிரி: ஈயம். ஈயப் பெட்ரோல் ஊற்றினால் பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்து பெட்டி செத்துப்போகும். அதனால் 1974 ஜூலையிலிருந்து பெரிய பங்க்குகளில் ஈயமில்லாத பெட்ரோலும் விற்றாகணும் என்று உத்தரவு. ஈய பம்ப்பின் மூக்கு நுழையாதபடி புது கார்களின் டேங்க் வாயைச் சின்னதாக்கினார்கள். ஒரு தகரப் பெட்டியைக் காப்பாற்றப் போய் ஈயத்தை ஒழிக்க ஆரம்பித்தார்கள்!

விலை உயர்ந்த உலோகம் என்பதால் காருக்கு ஒரு பெட்டி போதும் என்றார்கள். ஒரு பெட்டி என்றால் ரெண்டு குழாயும் ஒன்று சேர்ந்தாகணும். பந்தயக் கார் மாதிரி பெருமையாக வந்த கார்வெட்டுக்கே 1975-இல் இதுதான் கதி. ரெண்டு குழாய் சேர்ந்து, ஒரு பெட்டிக்குள் போய், மறுபடி பிரிந்து பின்னால் ரெண்டாக எட்டிப் பார்க்கும். அதன் சாதாரண எஞ்சின் முந்தின வருஷம் 195 குதிரைத்திறன்; 1975-இல் 165. 'போச்சே, போச்சே' என்று கார்ப் பைத்தியங்கள் இன்றைக்கும் அழுவார்கள். நானும் அழுதவன்தான்.

அழுகையை நிறுத்தியது ஒரு கணக்கு. அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயம் 1976-80 ஆய்வில் டெசிலிட்டருக்குச் சராசரி 12.8 மைக்ரோகிராம். 1988-91 ஆய்வில் 2.8. பெட்ரோலில் ஈயம் குறைந்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். அந்த 30 குதிரைக்கு எதிர்த்தட்டில் இருப்பது குழந்தைகளின் மூளை. ரம்பத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சரி, பெட்டி இருக்கட்டும், கார்வெட் மாதிரி அதற்குப் பின்னால் ரெண்டாகப் பிரிக்கலாமே? பெரியவர் மறுபடி டார்ச் அடித்தார். இந்த வேகனில் பெட்ரோல் டேங்க் இடது பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கு. சூடான குழாயை அதை உரசிக்கொண்டு விட முடியாது. "பின் சக்கரத்துக்கு முன்னாடியே பக்கத்துக்கு ஒண்ணா வெளியே விட்டுடலாம், பார்க்க நல்லா இருக்கும்" என்றார்.

எனக்கு உடனே மூணாவது வரிசை சீட் ஞாபகம் வந்தது. வேகன் வண்டி ஓடும்போது பின்புறம் காற்றழுத்தம் குறையும்; பின் கண்ணாடியை இறக்கினால் புகையை உள்ளே இழுக்கும். குழாயை நடுவழியில் முடித்தால் புகை வண்டியின் அடியிலேயே சுற்றும். துருப்பிடித்த தரையில் ஒரு சின்ன ஓட்டை போதும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அங்கே உட்கார்ந்து டாட்டா காட்டுவது யார்?

கடைசியில் முடிவானது இது: பெட்டி அப்படியே. அதற்குப் பின்னால் ஒரு வழி உள்ளே, ரெண்டு வழி வெளியே என்று ஒரு சைலன்சர். அதிலிருந்து ரெண்டு 2 அங்குலக் குழாய், பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து, ரெண்டும் வலது பக்கமாகவே பம்பரைத் தாண்டி வெளியே. பார்க்க ரெட்டைக் குழல் துப்பாக்கி மாதிரி இருக்கு. பின் கதவின் ரப்பர் பட்டையையும் புதுசாக மாத்தினேன். வண்டிக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்தாச்சு.

சத்தம்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு பக்கத்துப் புகையும் முன்னாடியே கலந்துவிடுவதால் அந்த 'குடகுட' வரவில்லை. கொஞ்சம் கனத்த குரல், அவ்வளவுதான். சக்தி? குழாயின் கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ரெண்டு 2 அங்குலக் குழாய் என்றால் 4+4=8. ஒரே ஒரு 3 அங்குலக் குழாய் போட்டிருந்தால் 9! 140 குதிரைக்கு அதுவே தாராளம். ஆக, ஒத்தைக் குழாயே புத்திசாலித்தனம் என்பதை ரெட்டைக் குழாய் போட்டுத் தெரிந்துகொண்டேன். (தங்கமணி இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்...)

சென்னைக்கு இந்தப் பெட்டி வந்தது 1995 ஏப்ரலில். நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது, ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதுதான் வந்தது. இந்தியா முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-இல். டேட்டனில் ஆரம்பித்த கதை முடிய 98 வருஷம்! நான் வளர்ந்தது மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் மூச்சு விட்டு. அந்த ஈயம் என் எலும்பில் இன்னும் கொஞ்சம் இருக்கும். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அவ்வளவு இருக்காது.

1995-க்கு முன்னாடி பங்க்கில் பெட்ரோல் போட்டவர்கள் யாராவது இருந்தால், உங்க வண்டிக் கதையைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. பெட்டியை வெட்டினவர்களும் சொல்லலாம், திட்ட மாட்டேன்.