சென்ட்ரல் பார்க்கை உருவாக்கினது யாரு?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை ஹாலிவுட் படம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். 843 ஏக்கர். யார் உருவாக்கினதுன்னு கேட்டா பட்டுனு வர்ற பதில், பிரெடரிக் லா ஓம்ஸ்டெட். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.

ஊருக்கு ஒரு பெரிய பூங்கா வேணும்னு 1844லேயே தன் பத்திரிகையில எழுதினவர் கவிஞர் பிரையன்ட். தோட்டக்கலை வல்லுநர் டௌனிங்கும் விடாம எழுதினார். இங்கிலாந்துலேருந்து கால்வெர்ட் வாக்ஸ்ங்கிற கட்டடக்கலைஞரை 1850ல கூட்டிட்டு வந்தவரும் இவர்தான். 1852ல நீராவிக் கப்பல் தீ விபத்துல டௌனிங் போய்ச் சேர்ந்துட்டார்.

ஏற்கெனவே இருந்த வரைபடம் சுமார்தான், போட்டி வைங்கன்னு அடம்பிடிச்சவர் வாக்ஸ். ஓம்ஸ்டெட் அப்போ அங்கே நிலத்தைச் சுத்தம் பண்ற வேலைக்கு மேற்பார்வையாளர். அதுவரைக்கும் ஒரு பூங்கா கூட வடிவமைச்சதில்லை! மண்ணு தெரிஞ்ச ஆளாச்சேன்னு வாக்ஸ்தான் கூட்டு சேர்த்துக்கிட்டார். 1858ல வந்த 33 திட்டங்கள்ல இவங்களோடது ஜெயிச்சது. குறுக்கே போற நாலு சாலையையும் பள்ளத்துல இறக்கி, வண்டி போறதே கண்ணுல படாம பண்ணினது அதுலதான். பேரு மட்டும் ஓம்ஸ்டெட்டுக்குப் போயிடுச்சு. வாக்ஸுக்கு அந்த வருத்தம் நிறையவே உண்டு.

மரம் செடிக்கு ஆஸ்திரியாக்காரர் பிலாட், பாலங்களோட அலங்காரத்துக்கு மோல்ட், 1873ல திறந்த நீரூற்று தேவதைச் சிலைக்கு எம்மா ஸ்டெபின்ஸ். வெடி வச்சுப் பாறை உடைச்ச ஆயிரக்கணக்கான கூலிக்காரங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?

சரி, இதெல்லாம் கட்டினவங்க. இடத்தைக் கொடுத்தவங்க? கொடுத்தாங்கன்னு சொல்றதே தப்பு, புடுங்கினது.

1825ல ஆண்ட்ரூ வில்லியம்ஸ்னு 25 வயசு கறுப்பின இளைஞர், பூட்ஸ் துடைக்கிறவர், 125 டாலருக்கு மூணு மனை வாங்கினார். அப்படி வளர்ந்ததுதான் செனிகா வில்லேஜ். மூணு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், இருநூத்துச் சொச்சம் பேர். அந்த மாநிலத்துல அப்போ கறுப்பின ஆண் ஓட்டுப் போடணும்னா 250 டாலர் சொத்து இருக்கணும். வெள்ளைக்காரனுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதனால அங்கே மனை வெறும் மனை இல்லீங்க, ஓட்டுரிமை.

பத்திரிகைகள் என்ன எழுதிச்சு தெரியுமா? குடிசைவாசிகள், ஆக்கிரமிப்பாளர்கள். பத்திரம் வச்சிருந்தவங்களை! 1857ல மொத்தமா காலி பண்ணிட்டாங்க. வில்லியம்ஸ் கேட்டது 3500 டாலர், கிடைச்சது 2335. பூங்கா நிலம் முழுக்க வெளியேத்தப்பட்டவங்க சுமார் 1600 பேர்.

அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அந்த ஊர்ப் பேச்சையே காணோம். 2001லதான் ஒரு தகவல் பலகை வச்சாங்க. 2011ல தோண்டிப் பார்த்தப்போ ஒரு வீட்டோட அஸ்திவாரம் கிடைச்சது. கூடவே ஒரு இரும்பு டீ கெட்டில், ஒரு குழந்தையோட தோல் ஷூ.