தோல் நிறமும் படப்புத்தகமும்: அமெரிக்கக் குழந்தை இலக்கியத்தில் மௌனம் கலைந்த வரலாறு

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940-களில் சிறு குழந்தைகளிடம் ஒரு தாளையும் ஒரு கிரேயான் பெட்டியையும் கொடுத்தார்கள். தாளில் இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி, ஒரு சிறுவன், ஒரு சிறுமி. எல்லாம் வெறும் கோட்டுப்படங்கள். பொருள்களுக்கு உரிய நிறம் குழந்தைக்குத் தெரிகிறதா என்று முதலில் பார்த்தார்கள். பிறகு, “இது நீதான் என்று வைத்துக்கொள், உன் நிறத்தைத் தீட்டு” என்றார்கள். இலைக்குத் தயங்காமல் நிறம் கொடுத்த கறுப்பினக் குழந்தைகளில் சிலர் இங்கே தடுமாறினார்கள். தம் நிறத்தைவிட வெளிறிய நிறத்தைத் தீட்டியவர்கள் உண்டு. தொடர்பே இல்லாத ஏதோவொரு நிறத்தைப் பூசியவர்களும் உண்டு. 1947-இல் வெளியான இவர்களுடைய பொம்மைச் சோதனை இன்னும் பரவலாக அறியப்பட்டது. 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளைப் பொம்மையுடன்தான் விளையாட விரும்பினர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது.

குழந்தைகள் நிறத்தைக் கவனிப்பதில்லை என்ற பெரியவர்களின் நம்பிக்கை அப்போதே உடைந்துவிட்டது. ஆனால் குழந்தையின் மடியில் இருந்த படப்புத்தகம் அந்த உண்மையைப் பரவலாகப் பேசத் தொடங்குவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. கறுப்பினக் குழந்தையைப் படத்தில் காட்டுவது ஒன்று. நிறத்தைப் பற்றிக் குழந்தையோடு பேசுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதியதுதான் தாமதத்துக்கு முதற்காரணம் என்பது என் முடிவு.

இந்த வரலாற்றின் இருண்ட தொடக்கத்தில் மதராஸுக்கும் ஓர் இடம் உண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருந்த கணவருடன் இங்கே வாழ்ந்த ஸ்காட்லாந்துப் பெண் ஹெலன் பானர்மன், 1898-இல் கோடைக்கானலுக்கும் மதராஸுக்கும் இடையிலான ரயில் பயணத்தில் தம் பெண் குழந்தைகளுக்காக ஒரு கதையை எழுதியதாகச் சொல்வார்கள். அதுவே 1899-இல் லண்டனில் வெளியான ‘லிட்டில் பிளாக் சாம்போ’. கதையில் புலிகள் சுற்றிச்சுற்றி ஓடி நெய்யாய் உருகிவிடும். புலியும் நெய்யும் நம் நாட்டுச் சரக்கு என்பது நமக்கு உடனே தெரியும். ஆனால் அமெரிக்காவில் அந்தப் பையன் ஆப்பிரிக்கனானான், கறுப்பரைக் கேலி செய்யும் உருவங்களோடு பல பதிப்புகள் பெருகின. பதிப்புரிமையை ஐந்து பவுண்டுக்கு விற்றுவிட்டிருந்த பானர்மனால் அதைத் தடுக்க வழியில்லை. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1930-களின் தொடக்கத்திலேயே இப்புத்தகம் கறுப்பினக் குழந்தையைப் புண்படுத்துவதைச் சுட்டிக்காட்டினார்.

மாற்று முயற்சி கறுப்பினத்தவரிடமிருந்தே வந்தது. டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ், ஜெஸ்ஸி ஃபாசெட், அகஸ்டஸ் டில் ஆகியோர் 1920 ஜனவரியில் ‘தி பிரௌனிஸ் புக்’ என்ற குழந்தைகள் மாத இதழைத் தொடங்கினர். கறுப்பாய் இருப்பது இயல்பு, அழகு என்று குழந்தைக்கு உணர்த்துவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. 24 இதழ்களோடு நின்றுபோனது.

அதன் பின்பு வந்த நல்லெண்ணப் புத்தகங்கள் பெரும்பாலும் வாய்மூடியே இருந்தன. 1945-இல் வந்த ‘டூ இஸ் எ டீம்’ ஒரு கறுப்புச் சிறுவனையும் ஒரு வெள்ளைச் சிறுவனையும் நண்பர்களாக வரைந்தது, எழுத்தில் நிறத்தைத் தொடவில்லை. இந்த மரபை மீறியது, அப்புத்தகத்தை எழுதியவர்களுள் ஒருவரான ஜெரால்ட் பீம் 1950-இல் எழுதிய ‘ஸ்விம்மிங் ஹோல்’. கறுப்புச் சிறுவனோடு நீந்த மறுக்கும் ஒரு வெள்ளைச் சிறுவன் வெயிலில் சிவந்துபோகிறான். சிவப்பாய் இருப்பவனோடு விளையாட மாட்டோம் என்று மற்றவர்கள் சொல்ல, அவனுக்கு உறைக்கிறது. நிறத்தைக் காரணமாக்கி ஒருவனை ஒதுக்குவதைக் குழந்தையிடம் நேராகப் பேசிய புத்தகம் அன்றைய நாளில் அபூர்வம். படம் மட்டும் இருந்தாலே எதிர்ப்பு எழுந்த காலம் அது. 1958-இல் கார்த் வில்லியம்ஸ் ஒரு கறுப்பு முயலுக்கும் வெள்ளை முயலுக்கும் கல்யாணம் செய்துவைத்து ஒரு படப்புத்தகம் படைத்தார். அடுத்த ஆண்டு அலபாமாவில் அரசியல்வாதிகள் கொதித்தெழ, மாநில நூலகத் துறை அதைத் திறந்த அலமாரியிலிருந்து எடுத்துக் கேட்டால் மட்டும் தரும் பிரிவில் வைத்தது.

திருப்புமுனையாகக் கொண்டாடப்படுவது எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ (1962). புரூக்ளினில் குடியேறிய போலந்து யூதக் குடும்பத்துப் பிள்ளை கீட்ஸ். 1940-இல் ‘லைஃப்’ இதழில் வந்த ஒரு கறுப்புச் சிறுவனின் புகைப்படங்களை வெட்டியெடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். அந்த முகம்தான் சிவப்பு உடையில் பனியில் நடக்கும் பீட்டர். படங்களில் பெரும்பகுதி வெட்டி ஒட்டியவை. அம்மாவின் கட்டம்போட்ட உடை, அலமாரித் தட்டுகளில் விரிக்கும் எண்ணெய்த் துணியிலிருந்து வெட்டப்பட்டது. 1963-இல் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. பனி விழுந்த நாளின் மகிழ்ச்சி தவிர வேறு எதையும் பீட்டர் சுமக்க வேண்டியதில்லை. அந்த விடுதலை கறுப்பினக் குழந்தைக்கு அதுவரை அரிதாகவே கிடைத்திருந்தது. ஆனால் கதையில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1965 செப்டம்பரில் நான்சி லாரிக் ‘சாட்டர்டே ரெவ்யூ’வில் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகங்களில் வருபவர்கள் ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறார்கள் என்று நியூயார்க்கில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்வியோடு அது தொடங்குகிறது. 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 குழந்தை நூல்களில் 349-இல்தான் கறுப்பினத்தவர் தென்பட்டார்கள். பீட்டரின் அம்மாவைப் பருத்த உருவமாய்ப் பகட்டான உடையில் வரைந்ததையும் லாரிக் குறை கூறினார். கீட்ஸ் மறுத்துப் பதில் எழுதினார். என் பார்வையில் லாரிக்கின் கணக்கு அசைக்க முடியாதது, அம்மாவைப் பற்றிய தீர்ப்பு கடுமையானது. அந்தப் பக்கத்தில் குழந்தை காண்பது ஈரக் காலுறையைக் கழற்றிவிடும் ஒரு தாயை.

கிரேயான் பெட்டியும் அதே நேரத்தில் மாறியது. வெளிர் இளஞ்சிவப்புக் கிரேயானுக்கு ‘ஃப்ளெஷ்’, அதாவது சதை நிறம், என்று வைத்திருந்த பெயரை 1962-இல் க்ரயோலா நிறுவனம் ‘பீச்’ என்று மாற்றியது.

பேச்சு இரண்டு பாதைகளில் வளர்ந்தது. ஒன்று உடலியல் பாதை. பால் ஷோவர்ஸின் ‘யுவர் ஸ்கின் அண்ட் மைன்’ (1965) தோலைப் பற்றிய அறிவியலைச் சிறுவர்க்குச் சொன்னது. முன்பருவக் கல்வியாளர் கேட்டி கிஸ்ஸிங்கர் 1994-இல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதிய ‘ஆல் த கலர்ஸ் வீ ஆர்’ இதில் முதன்மையானது. நிறம் வருவதற்கு முன்னோர், சூரியன், மெலனின் என்று மூன்று காரணங்களைப் புகைப்படங்களோடு காட்டுகிறது. “அழுக்கா, கழுவினால் போகுமா” என்று கேட்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு உண்மையான பதில் இதுதான். இத்தகைய புத்தகங்களுக்கு வகுப்பறையில் வழி திறந்தது லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸும் சகாக்களும் 1989-இல் வெளியிட்ட பாகுபாடு எதிர்ப்புப் பாடத்திட்டம்.

மற்றது அழகின் பாதை. கேரன் காட்ஸின் ‘த கலர்ஸ் ஆஃப் அஸ்’ (1999), குவாத்தமாலாவிலிருந்து தத்தெடுத்த மகளுக்காகப் பிறந்தது. ஏழு வயது லீனா தன்னை வரைய பழுப்பு நிறம் கேட்கிறாள். அம்மா அவளைத் தெருவுக்கு அழைத்துப்போய் ஒவ்வொருவர் நிறத்தையும் பார்க்கச் சொல்கிறாள். ஒருத்தி தேன், ஒருத்தி வேர்க்கடலை வெண்ணெய், லீனா லவங்கப்பட்டை. வீடு திரும்பியதும் வண்ணங்களைக் குழைத்து எல்லாரையும் தீட்டுகிறாள். மனிதரைத் தின்பண்டமாக்குவது சரியா என்று விமர்சகர்கள் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்வி. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. எல்லா நிறமும் அழகு என்று கேட்டு வளரும் குழந்தைக்கு, அப்படியிருந்தும் தன்னை ஏன் ஒதுக்கினார்கள் என்பதற்கு அங்கே விடை கிடையாது.

லூபிடா நியோங்கோவின் ‘சுல்வே’ (2019) அந்த வலியிலிருந்தே தொடங்குகிறது. குடும்பத்திலேயே மிகக் கறுத்தவளான சுல்வே, ரப்பர் வைத்துத் தன் தோலைத் தேய்த்துப் பார்க்கிறாள், வெளிறிய நிறத்து உணவாகத் தேடி உண்கிறாள். சகோதரியின் வெளுப்போடு ஒப்பிட்டுத் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்ளும் இந்தக் குழந்தையை நம் வீடுகளில் தேடிப் போக வேண்டியதில்லை. கறுப்பே அழகு என்ற இயக்கத்தைச் சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-இல் தொடங்க நேர்ந்ததும் அதனால்தான்.

இரண்டு பாதைகளையும் இணைத்தது மேகன் மேடிசன், ஜெசிகா ராலி எழுதிய ‘அவர் ஸ்கின்’ (2021). மெலனினைச் சொல்லிவிட்டு, மனிதரை இனங்களாகத் தரம் பிரித்த கருத்து வெள்ளையர் உருவாக்கியது, அநியாயமானது என்றும் மழலைக்குப் புரியும்படி சொல்கிறது. வாசித்துக் காட்டும் பெரியவருக்கான விளக்கங்கள் கடைசியில் உள்ளன. அவை மிகத் தேவையானவை. இனம் பற்றிக் குழந்தைகளோடு பேசும்படி டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில் கேட்டுக்கொள்ளப்பட்ட வெள்ளைப் பெற்றோரில் பெரும்பாலோர், எல்லாரும் சமம் என்ற பொத்தாம்பொதுவான பேச்சைத் தாண்டவில்லை. விருப்பமின்மையைவிட வார்த்தை கிடைக்காத திண்டாட்டமே அதில் எனக்குத் தெரிகிறது.

எதிர்ப்பின் குறியும் இதோடு இடம் மாறியது. 2022 மார்ச்சில், உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்மணி கெடாஞ்சி பிரௌன் ஜாக்சனிடம் செனட்டர் டெட் குரூஸ், இப்ராம் கெண்டியின் ‘ஆன்டிரேசிஸ்ட் பேபி’யைத் தூக்கிக் காட்டி, கைக்குழந்தைகள் இனவெறியர்களா என்று கேட்டார். 1959-இல் அலபாமாவை உறுத்தியது படம்; 2022-இல் உறுத்தியது குழந்தையோடான பேச்சு. பிறந்த சிசுக்கள் எந்த இன முகத்தையும் மேலாகப் பார்ப்பதில்லை என்றும், மூன்று மாதத்தில் தாம் அதிகம் பார்த்துப் பழகிய இனத்து முகங்களையே கூடுதல் நேரம் பார்க்கின்றன என்றும் 2005-இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. இந்தச் சாய்வு வெறுப்பு ஆகாது, பழக்கம் மட்டுமே. அதற்கு என்ன பொருள் என்பதைக் குழந்தை பின்னால் சுற்றியுள்ளவர்களிடமிருந்தே கற்கிறது, அவர்கள் பேசினாலும் பேசாவிட்டாலும்.