மூளையின் அறைகளும் இப்னு ஸீனாவும்

இன்றைய மூளையியல் முழுவதையும் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உளர். அஃது உண்மைதானா?

பேரறிஞர் இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370-428, கி.பி. 980-1037) 'அல்கானூன் ஃபித் திப்' எனும் மருத்துவப் பெருநூலை 1025-இல் நிறைவு செய்தார். மூளையினுள் அமைந்த அறைகளே அகப்புலன்களின் இருப்பிடம் என்பது கிரேக்கர் வழிவந்த அக்காலக் கொள்கை. அதனை அவர் வகுத்து விரித்தார். முன்னறையில், ஐம்பொறிச் செய்திகளை ஒன்றுசேர்க்கும் பொதுப்புலனும் அவ்வுருவங்களைக் காத்துவைக்கும் 'கயாலு'ம்; நடுவறையில், சிந்தனையும், ஓநாயைக் கண்டதும் ஆட்டுக்குப் பகையுணர்த்தும் 'வஹ்மு' எனும் ஆற்றலும்; பின்னறையில் நினைவு.

இன்று நாம் அறிவது வேறு. அவ்வறைகளில் நிறைந்திருப்பது நீர்மமே. அவற்றைச் சூழ்ந்த மூளைத் திசுவே செயற்களம். பெருமூளையின் முன்மடல் திட்டமிடுகிறது; பிடரிமடல் காட்சியை அறிகிறது. சிறுமூளை உடலின் சமநிலையையும் அசைவின் ஒழுங்கையும் காக்கிறது. முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் நெறிப்படுத்துகிறது.

அங்ஙனமாயின் அவருழைப்பு வீணோ? வீணன்று. எவ்விடம் பழுதுற்றால் எவ்வாற்றல் குன்றுகிறதென நோக்கி இடமறிவது அம்மருத்துவர்தம் வழி. 1861-இல் பாரிஸில் புரோக்கா எனும் மருத்துவர், பேச்சிழந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆய்ந்து இடப்பக்க முன்மடலில் பழுது கண்டதும் இவ்வழியிலேயே.

விடை தவறியது, வினவிய முறை தவறவில்லை. முன்னோர் சொல்லாததைச் சொன்னதாகப் புகழ்வது அவர்க்குச் சிறப்பாகாது. அவர்போல் வினவியறியும் மக்களை வளர்ப்பதே நாம் செலுத்தும் நன்றி. வல்ல அல்லாஹ் அருள்வானாக!