தாங்கும் மீனும் நம் கடமையும்

கடல்மீன் உண்டு பழகிய மண்டைக்காட்டுக் கரையில், திலாப்பியா எனப்படும் ஜிலேபிக் கெண்டைக்கு நாம் பெருமதிப்பு அளிப்பதில்லை. ஆயினும் மீனவரான புனித பேதுருவின் பெயரால் கலிலேயக் கடலோரம் வழங்கும் மீனும் இக்குலத்ததே.

ஆப்பிரிக்க நதிகளுக்குரிய இம்மீன் 1952-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எளியோருக்கு உணவாகும் என நம்பித் தென்னக நீர்த்தேக்கங்களில் விட்டனர். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால் இது விரைந்து பெருகிற்று. நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் கவர்ந்தது. எனவே 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதனைப் பரப்பத் தடை விதித்தது. பிற்காலத்தில் விதிகளுக்கு உட்பட்ட பண்ணை வளர்ப்புக்கு அரசு இசைந்தது.

எதையும் தாங்கும் மீன் என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதை நம்பி வீட்டுத் தொட்டியில் மீனும், அந்நீரில் கீரையும் வளர்ப்போர் ஏமாறுவதுண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஒரு நஞ்சு. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டே செடிக்கு உரமாகிறது. நுண்ணுயிர்கள் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் மீன்களை நிறைப்பதும், தீனியை மிகுதியாக இடுவதும் கேடு. மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்தால், தீனியை நிறுத்தி, நீரில் ஒரு பகுதியை மாற்றி, காற்றைச் செலுத்த வேண்டும்.

வளர்க்குமுன் மீன்வளத் துறையைக் கேட்பது நன்று. வளர்க்க இயலாதபோது ஊர்க்குளத்தில் விடுவதோ பெரும் பிழை. அன்று நீர்த்தேக்கங்களில் நேர்ந்த தீங்கு மீனின் குற்றமன்று. விளைவை எண்ணாது விட்ட மனிதருடையது. அந்தக் கணக்கை நம் குளங்களிலும் தொடர வேண்டுமா?