கண்ணாடிப் பெட்டிக்கு வந்த வழி

தமிழ்நாட்டில் நரம்பியல் அறுவை சிகிச்சை தனித்துறையாக எழுந்தது சுதந்திரத்தை ஒட்டித்தான். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் அதற்கு அடித்தளம் போட்டனர். அடுத்த ஆண்டு பிறந்தவர் மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன்; அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன்.

தந்தையின் வேலை நிமித்தம் குடும்பம் பாங்காக்கில் இருந்தது. சிப்பியும் புதைபடிவமும் சேர்த்துக்கொண்டிருந்த பையனுக்கு அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன வேதியியல் கூடம் கிடைத்தது. அம்மா துணை நின்றார். பள்ளி ஆசிரியைகள் வீட்டில் சோதித்துப் பார்க்க ரசாயனங்களைக் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளை கேட்பதையெல்லாம் தொந்தரவென்று ஒதுக்காத பெரியவர்கள் அமைந்தது அவருக்குப் பெரும் பேறு.

தந்தை சொற்படி சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இரு கண்கள் தரும் காட்சிகளை மூளை எப்படி ஒன்றாக்குகிறது என்ற கேள்வி அங்கேயே பிடித்துக்கொண்டது. மாணவப் பருவத்திலேயே அவர் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். 1983இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது, இல்லாத கையில் வரும் வலியைப் பற்றிய ஆய்வு. விபத்தில் கை போன ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். போன கையின் கட்டைவிரலையும் தொடுவதாக இளைஞர் சொன்னார். மூளையின் மேற்பரப்பில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. கையிலிருந்து சேதி வராமல் போனதும், முகத்தின் சேதி அந்த இடத்துக்குள் பரவிவிட்டது என்று அவர் விளக்கினார். வளர்ந்த மூளை மாறாது என்று நெடுங்காலமாக நடத்தப்பட்டுவந்த பாடத்துக்கு இது மாறாக இருந்தது.

சிலருக்கு இல்லாத கை இறுக மூடியே இருக்கும். நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல் வலிக்கும். மேல்மூடி இல்லாத ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார் ராமச்சந்திரன். நல்ல கையை ஒரு பக்கம் வைத்து விரித்தால், கண்ணாடியில் போன கையே விரிவதுபோல் தெரியும். அந்தக் காட்சியைக் கண்டதும் பலருக்குப் பிடிப்பு தளர்ந்தது. எல்லாருக்கும் பலிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கான பிசியோதெரபியில் இம்முறை இன்று உலகெங்கும் இடம்பெற்றிருக்கிறது. 2007இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

கண்ணாடிப் பயிற்சிக்குத் தேவை ஒரு முகக்கண்ணாடியும் ஓர் அட்டைப்பெட்டியும்தான். தேனி மாவட்டம் வடுகபட்டியின் பூண்டுச் சந்தையில் மூட்டை சுமந்தவருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்தாலும், வீட்டிலேயே தினமும் செய்யலாம். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பிசியோதெரபி நிபுணரிடமோ அழைத்துப்போய், கண்ணாடிப் பயிற்சி உதவுமா என்று கேளுங்கள்.