முதுகில் ஒரு தகடு

பழைய கணிப்பொறியை மேசைமீது வைத்து அதன் முகத்தை ரசிப்பவர் அநேகர். முதுகைத் திருப்பிப் பார்ப்பவர் சொற்பமே. அந்த முதுகிலே, திரைக்குச் செல்லும் கேபிளின் கனெக்டரைத் தாங்கிக்கொண்டு, தலைப்பக்கம் செங்கோணமாக மடிந்து, ஒரே ஒரு ஸ்க்ரூவால் பெட்டியோடு பிணைக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாமல் நிற்கிற எஃகுத் தகட்டைத் தொழில் தெரிந்தவர்கள் பிராக்கெட் என்பார்கள். பழைய வீடியோ கார்டுகள் கைமாறிக் கைமாறி வரும்போது பெரும்பாலும் முதலில் தொலைந்துபோவது இதுதான். தொலைந்த பிறகே, இது என்னென்ன காரியங்களைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது என்ற விசாரணை பிறக்கிறது.

இத்தகடு இத்தனை முக்கியத்துவம் பெற்றதற்குக் காரணம் ஓர் ஓயாத கூச்சல். 1977-ஆம் ஆண்டில் டாண்டி நிறுவனம் ரேடியோ ஷாக் கடைகளின் மூலம் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.ஆர்.எஸ்.-80 என்ற யந்திரம், பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளிருந்து வானொலி அலைகளை நாற்புறமும் தாராளமாக இறைத்தது. அதற்கென்று ஒலி எழுப்பும் சாதனம் இல்லாமையால், விளையாட்டு எழுதிய சில சமர்த்தர்கள், பக்கத்தில் ஓர் ஏ.எம். ரேடியோவை வைத்துக்கொள்ளச் சொல்லி, அந்தக் கசிவையே சங்கீதமாக்கிவிட்டார்கள். இந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். அடுத்த வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் மெச்சியிருக்க நியாயமில்லை. தொலைக்காட்சியோடு இணைக்கும் சாதனங்களுக்கென அப்போதிருந்த கடுமையான விதியை முன்னிட்டு, அட்டாரி நிறுவனம் 1979-இல் தன் 400, 800 மாடல்களின் உள்ளுறுப்புகளைக் கனத்த வார்ப்பு அலுமினியக் கவசத்துக்குள் பூட்டி வைத்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கணிப்பொறிகளுக்கென்றே புது விதிகளை வகுத்தது: வீடுகளில் உபயோகமாகும் யந்திரம், 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையில், 3 மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால், மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் அலைகளை வெளிவிடலாகாது. அந்நாட்டுத் தொலைக்காட்சியின் 2 முதல் 6 வரையுள்ள சானல்கள் 54-க்கும் 88-க்கும் இடையில் குடியிருந்தன என்பதை நினைத்தால் இந்த எண்களின் தாத்பரியம் விளங்கும். இந்த விதிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல், 1981 ஜனவரியோடு டி.ஆர்.எஸ்.-80-இன் முதல் மாடல் விற்பனையிலிருந்து விலகிக்கொண்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 5150 என்ற பி.சி., எஃகுப் பெட்டிக்குள் பிறந்தது. அதில் கார்டுகளைச் செருக ஐந்து ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நேரே பெட்டியின் பின்சுவரில் நீண்ட, ஒடுங்கிய ஒரு திறப்பு. சுற்றிலும் உலோகம் சூழ்ந்த அறைக்குள் வெளியிலுள்ள மின்புலம் புகாது என்பதை 1836-இல் மைக்கேல் ஃபாரடே பன்னிரண்டடிக் கூண்டு ஒன்றைக் கட்டி அதனுள் தாமே புகுந்து நிரூபித்திருந்தார்; ஆனால் கூண்டில் நீண்ட பிளவு ஒன்று விழுந்துவிட்டால், அதன் பரப்பைக் காட்டிலும் அதன் நீளமே கசிவை நிர்ணயிக்கிறதாகையால், விரல் நுழையாத சந்துகூட நல்லதோர் ஏரியலாக வேலை செய்யக்கூடும். ஆகவே கார்டு செருகிய இடத்தில் கார்டின் பிராக்கெட்டும், செருகாத இடத்தில் வெற்றுத் தகடும் அந்தச் சந்தை அடைத்தன. கார்டைத் தாங்குவது ஒன்று, சந்தை அடைப்பது இரண்டு. மூன்றாவது வேலைதான் கண்ணுக்குத் தெரியாதது. திரையின் கேபிளைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல், கனெக்டரின் உலோக உறையைத் தொட்டு, உறை பிராக்கெட்டைத் தொட்டு, பிராக்கெட் ஸ்க்ரூ வழியே பெட்டியைத் தொடுகிறபோதுதான் கூண்டு முழுமை பெறுகிறது. திரையிலிருந்து கசியும் அலைகளைக் கொண்டே அதிலுள்ள எழுத்தைத் தூரத்திலிருந்து படித்துவிடலாம் என்று 1985-இல் விம் வான் எக் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் காட்டியபோது, இது அடுத்த வீட்டாரின் தொலைக்காட்சியோடு நிற்கிற விஷயமல்ல என்பதும் தெரியவந்தது.

அந்தக் கனெக்டரோ, கணிப்பொறிக்கு வெகு மூத்தது. நேர்முகமாகப் பார்த்தால் ஆங்கில ‘டி’ எழுத்தைப்போல் தோன்றும் உலோக உறையுடன் கேனன் நிறுவனம் 1952-இல் அதை வெளியிட்டது. உறையின் அளவுக்கு ஓர் எழுத்தும், ஊசிகளின் தொகைக்கு ஓர் எண்ணுமாகப் பெயரிட்டது. ஐ.பி.எம்.மின் முதல் வீடியோ கார்டுகளில் இருந்த ஒன்பது ஊசிக் கனெக்டரின் சரியான பெயர் டி.இ.-9. உலகமெல்லாம் அதை டி.பி.-9 என்று பிழையாக அழைக்கிறது. திருத்தப் புறப்பட்டவர்கள் தோற்றுப்போனார்கள். 1987-இல் வி.ஜி.ஏ. என்னும் புது வீடியோ முறை வந்தபோது, இருக்கிறது, இல்லை என்று மட்டுமே சொல்லத் தெரிந்த நிறச் சமிக்ஞைகளின் இடத்தில், 0.7 வோல்ட்டுக்குள் எண்ணற்ற சாயல்களை ஏந்திவரும் சமிக்ஞைகள் அமர்ந்தன, ஊசிகள் பதினைந்தாயின, உறை மட்டும் அதே ‘இ’ அளவுதான். சூட்சுமங்கள் அத்தனையும் மாறிய பிறகும் தகட்டில் வெட்டிய துளையும், அதன் இருமருங்கிலும் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்க்ரூத் துளைகளும் மாறவில்லை. ஸ்லாட்டுகளுக்கு இடையே முதல் பி.சி.யில் ஓர் அங்குலமாக இருந்த தூரம், 1983-இல் எக்ஸ்.டி. மாடலில் 0.8 அங்குலமாயிற்று, இன்றைய பெட்டிகளிலும் அதுவே நீடிக்கிறது.

இந்த நிலைபேறுதான், தொலைந்த தகட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற துணிவைப் பிற்காலத்தாருக்குக் கொடுத்தது. உருக்கிய பிளாஸ்டிக்கை இழையிழையாக அடுக்கி உருவம் சமைக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1992-இல் பெற்ற காப்புரிமை 2009-இல் காலாவதியாயிற்று. அதற்கு முன்பே, 2005-இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தன் உறுப்புகளைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் யந்திரத்துக்கான முயற்சியைத் தொடங்கியிருந்தார். அவ்வழி வந்த சிறு அச்சுயந்திரங்கள் வீட்டு மேசைகளை அடைந்ததும், பிராக்கெட்டையும் அச்சிட்டுப் பார்த்தார்கள். எஃகுக்குப் போதுமான கனம் பிளாஸ்டிக்குக்குப் போதவில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டராகப் பருக்கச் செய்தால் கனெக்டரை இறுக்கும் ஸ்க்ரூவின் மரை மறுபக்கத்தை எட்டாது. ஆகையால் கனெக்டர் அமரும் இடத்தை மட்டும் பின்னாலிருந்து பள்ளமாக்க வேண்டியிருந்தது. நிற்கவைத்து அச்சிட்டால் தலைமடிப்பு அடுக்கோடு அடுக்காகப் பிளந்துவிடும். விலாப்புறமாகக் கிடத்தி அச்சிட்டால் இழைகள் மடிப்பைத் தொடர்ந்து வளைந்து செல்வதால் உறுதி கிட்டும். பி.எல்.ஏ. என்னும் சாதாரண இழை 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடுமாதலால், சூடேறும் பெட்டிகளுக்குப் பி.இ.டி.ஜி. இழை உத்தமம்.

உருவம் இவ்விதம் திரும்பக் கிடைத்தது; உலோகம் கிடைக்கவில்லை. கறுப்பு நிறத்தில் கச்சிதமாக அமர்ந்த அந்தப் பிளாஸ்டிக் தகடு, கனெக்டரின் உறையைப் பெட்டியிலிருந்து அடியோடு துண்டித்துவிட்டது. வறண்ட நாளில் கேபிளைச் செருக வருகிற விரலிலிருந்து பாயும் பொறி பல்லாயிரம் வோல்ட் கொண்டது. உறையிலிருந்து பெட்டிக்கு வழியில்லாதபோது அது சமிக்ஞை ஊசிகளின் வழியே சிப்புக்குள் இறங்கத் தயங்காது. இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படும் ‘எர்த்து’, நம் வீட்டுக் கொல்லையில் கரியும் உப்பும் கொட்டிப் புதைக்கிற எர்த்துக் குழியல்ல. இங்கே பூமியாகிறது பெட்டியின் உலோகமே. உறையின் ஸ்க்ரூவுக்கடியில் லக் என்னும் வளையமுனை ஒன்றை வைத்துக் கம்பியை இழுத்துப் பெட்டியில் முடுக்குவது எளிய வழி. விரற்பொறியை ஓரளவு தணிக்க அது உதவும். வானொலி அலைகளுக்கோ அது போதாது. பத்து சென்டிமீட்டர் நீளக் கம்பி 30 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 ஓம் தடையாக நின்றுவிடும். ஆதலால், தகட்டின் உட்புறம் முழுவதும் பசையுள்ள செப்புத் தாளை ஒட்டி, அதன் ஒரு முனை கனெக்டரின் உறைக்கு அடியிலும், மறுமுனை தலைமடிப்பைச் சுற்றிவந்து பெட்டியின் ஸ்க்ரூவுக்கு அடியிலும் நசுங்குமாறு செய்வதே, அகலமும் குறுக்கமும் ஒருங்கே உள்ள நல்ல பாதை. கடத்துமென்று சொல்லி விற்கும் கரி கலந்த இழையை நம்பி இந்தச் செப்பை விட்டுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அதன் தடை அத்தனை அதிகம்.

இவ்வளவையும் சிரத்தையாகச் செய்தவர்களும் சில சமயம் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துத் திகைப்பதுண்டு. துருவைச் சுரண்டிப் பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்த உற்சாகத்தில், ஸ்க்ரூ வந்து அமரும் இடத்தையும் சேர்த்து மெழுகியிருப்பார்கள். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு முடுக்கினால், மீட்டர் ‘கீ’ என்று கூவும்.