ஆலைக் கறையிலிருந்து கண் காப்பு வரை

1928. ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஊரில் இருந்த ஸ்காட்டிஷ் டைஸ் ஆலையில் தாலிமைடு தயாராகிக்கொண்டிருந்தது. கலத்தின் உட்பூச்சு விரிசல் விட்டு, உருகிய சரக்கு வெளிக்கூட்டின் இரும்பைத் தொட்டுவிட்டது. வெள்ளையாக வர வேண்டிய பொருளில் கருநீலக் கறை. ஆலையின் வேதியியலாளர்கள் அந்தக் கறையைத் தனியே பிரித்துச் சோதித்தார்கள். உள்ளே இரும்பு இருந்தது. நிறமோ எதற்கும் அசையவில்லை.

இந்த நீலம் அதற்கு முன்பே இரண்டு முறை தலைகாட்டியிருந்தது. 1907-இல் லண்டனில் பிரவுன், செர்னியாக் என்ற வேதியியலாளர்கள் இருவரும் கண்டார்கள். 1927-இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர்கில், தாமிரம் சேர்ந்த வடிவம் கிடைத்தது. இரண்டு இடத்திலும் அது சாயத் தொழிலின் கைக்குப் போகவில்லை. மூன்றாவது முறை, சாயமே தொழிலாக இருந்தவர்களின் கண்ணில் பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேட்ரிக் லின்ஸ்டெட் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து, தாலோசயனின் என்று பெயரிட்டார். 1935 நவம்பரில் தாமிரத் தாலோசயனின் ‘மொனாஸ்ட்ரல் புளூ’ என்று சந்தைக்கு வந்தது. அச்சு மையிலும் பெயின்டிலும் இன்றுவரை அதே நீலம்தான்.

தாலோசயனின் வளையம் போன்ற மூலக்கூறு; அதன் நடுவில் ஓர் உலோக அணு. அந்த அணுவை மாற்றினால் குணமும் மாறும். சாய வியாபாரத்துக்கு அது சின்ன விஷயம். லேசர் வந்த பிறகு அதுவே பெரிய விஷயம் ஆனது.

1960 மே மாதம் அமெரிக்காவின் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். இரண்டே ஆண்டுகளில், ஒரு நொடியின் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் மொத்த ஆற்றலையும் கொட்டும் துடிப்புகள் அங்கேயே உருவாயின. இமை மூடக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். அதற்குள் விழித்திரை வெந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடிகள் குறிப்பிட்ட நிற ஒளியை மட்டுமே தடுக்கும். என்ன நிறம் வரும் என்று தெரியாத இடத்தில் அவற்றால் பயன் குறைவு. தேவைப்பட்டது, சாதாரண வெளிச்சத்துக்கு வழிவிட்டு, கொடிய ஒளி பட்டதும் தானே இருண்டுவிடும் பொருள்.

1967-இல் ஜூலியானோ, ஹெஸ் என்ற இருவர் சில சாயங்களில் அந்தக் குணத்தைக் கண்டார்கள். பெரும்பாலான சாயங்கள் கடும் ஒளியில் வெளுத்துத் தெளியும். இவையோ கிளர்ச்சியுற்ற நிலையில் இன்னும் அதிகமாக ஒளியை விழுங்கின. தாலோசயனினும் இந்த வகைதான். நடுவில் இண்டியம், ஈயம் போன்ற கனமான அணுவை வைத்தால் மூலக்கூறு அந்த விழுங்கும் நிலைக்கு விரைந்து போகிறது. 1996-இல் ஜோசப் பெரி குழுவினர் இண்டியத் தாலோசயனினைக் கொண்டு லேசர் துடிப்பை 540 மடங்கு வரை தணித்துக் காட்டினார்கள். இந்தத் துறையின் திருப்புமுனைகளுள் ஒன்று அது.

இந்தச் சாயத்தோடு பின்னால் கைகோத்த குவாண்டம் புள்ளிகள் வேறு பாதையில் வந்தவை. 1980-களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் எகிமோவ் கண்ணாடிக்குள்ளும், அமெரிக்காவில் லூயிஸ் புரூஸ் கரைசலிலும், அளவைப் பொறுத்து நிறம் மாறும் நுண்படிகங்களைக் கண்டார்கள். இருவருக்கும், அவற்றைத் துல்லியமாகத் தயாரிக்க வழிசெய்த பவெண்டிக்கும் 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில் முன்னின்றவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெபெல்லோ நியோகாங். லெசோத்தோவில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். அவர் குழு தாலோசயனினோடு காட்மியம் சார்ந்த புள்ளிகளைப் பிணைத்து, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் பதித்தது. சோதனை இப்படி: 532 நானோமீட்டர் பச்சை லேசர் லென்ஸ் வழியே குவிகிறது. மாதிரி அந்தக் குவியத்தை நோக்கி மெல்ல நகர்கிறது. குவியத்தை நெருங்கும்போது மறுபுறம் வரும் ஒளி சரிந்து, வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். சாயம் தனியாக இருப்பதைவிடப் புள்ளி சேரும்போது பல மாதிரிகளில் அந்தப் பள்ளம் ஆழமானது. காட்மியம் நஞ்சு என்பதால் கிராஃபீன் புள்ளிகளும் சோதிக்கப்பட்டன.

முன்னேற்றம் மெய்யானது, ஆனால் வேலை பாதியில்தான் நிற்கிறது. ஒரே நிற லேசரில் ஜெயித்த படலம் எல்லா நிறத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும், நிறம் ஏறாமல் தெளிவாக இருக்க வேண்டும், அடிபட்ட பிறகும் உழைக்க வேண்டும். அதுவரை, லேசர் அறைக்குள் போகிறவர்கள் அந்தந்த அலைநீளத்துக்கான பழைய வடிகட்டிக் கண்ணாடியைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.